அக்காவின் முதுகு ஊசியும் ஒரு வெள்ளைப் பாட்டிலும்

அக்கா வழுக்கி விழுந்ததைக் கேட்டு எல்லோரும் போனில் விசாரித்தீர்கள். தனித்தனியே பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். வழக்கம்போல் இது வகுப்பாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பெலும்பு முறிவு. வயது 78. இளைப்பு இருப்பதால் முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்யலாம் என்றார்கள். அக்கா ஒரே பிடிவாதம். "ஏல தம்பி, முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் வலி நிக்காதாம்லா."

அன்று இரவு நான் உட்கார்ந்து படித்தேன்.

1884ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கோகெய்ன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டார். ஹைடல்பர்க் மாநாட்டுக்குப் போகக் கையில் காசில்லை. இன்னொருவர்தான் அவர் கட்டுரையை வாசித்தார். 1898ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் அதே கோகெய்னை முதுகுத்தண்டில் செலுத்தினார். தன் உதவியாளர் ஹில்டபிராண்டுக்கும் போட்டு, காலில் சுருட்டால் சுட்டும் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டியும் பார்த்தார். வலியே இல்லை! மறுநாள் முதல் இருவருக்கும் கடும் தலைவலி. முதுகுத்தண்டு நீர் ஊசித்துளை வழியே கசிவதால் வருவது அது. இன்றைய மெல்லிய ஊசிகளில் மிகவும் குறைந்துவிட்டது. ஆயுசுக்கும் நிற்காத இடுப்பு வலிக்கு இந்த ஊசிதான் காரணம் என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவே.

அக்காவுக்குச் சொல்ல இது போதும். என்னைத் தூங்கவிடாதது வேறு.

1957ல் சுவீடனில் உருவான புபிவகெய்ன், லிக்னோகெய்னைவிடப் பல மணி நேரம் கூடுதலாக நிற்கும். பிரசவ வலிக்கும் எலும்பு ஆபரேஷனுக்கும் வரப்பிரசாதம். ஆனால் 1979ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற டாக்டர் எழுதினார்: இது தவறி ரத்தக்குழாயில் போனால் சிலருக்கு இதயம் நின்றுவிடுகிறது, மீட்பதும் கடினம். நரம்பில் சோடியம் போகும் வாசலை அடைப்பதுதான் இம்மருந்தின் வேலை. அதே வாசல் இதயத்திலும் உண்டு. லிக்னோகெய்ன் சட்டென்று விலகிவிடும். புபிவகெய்னோ சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். பிரசவத்தில் தாய்மார் இறந்த பிறகு, 1980களில் அங்கே பிரசவத்துக்கு 0.75 சதவீத மருந்தை நிறுத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவது, ஊசியைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது, எடைக்கேற்ற கணக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான் கட்டாயப் பழக்கமாயின.

மாற்று மருந்து தற்செயலாகக் கிடைத்தது. 1998ல் கை வைன்பர்க் எலிகளில் கண்டது: நரம்புவழி உணவாகக் கொடுக்கும் கொழுப்புக் கரைசலை முன்கூட்டி ஏற்றினால், இதயம் நிற்க அதிக புபிவகெய்ன் தேவைப்படுகிறது. மருந்தைக் கொழுப்பு தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. 2006ல் நியூயார்க்கில், தோள்பட்டை ஆபரேஷனுக்கு ஊசி போட்டு இதயம் நின்ற ஒருவர் அதனால் பிழைத்தார்.

காலையில் மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோபிக்கவில்லை. "உட்காரும்போது வலிக்காம இருக்க முதல்ல தொடைப்பக்கம் 0.25 சதவீதத்துல 25 மில்லி, அப்புறம் முதுகுல 0.5ல 2 மில்லி, சார்."

பழைய கை துறுதுறுத்தது. அக்கா எடை 42 கிலோ. கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால் எல்லை 84. மில்லிக்கு 2.5 வீதம் 62.5, முதுகில் 10. மொத்தம் 72.5. முதுகில் போவது எவ்வளவு சொற்பம் பாருங்கள்! பயந்ததோ அதற்குத்தான். "கொழுப்புக் கரைசல் இருக்காம்மா?" என்றேன். அலமாரியைத் திறந்து பால்போல வெள்ளையாக ஒரு பாட்டிலைக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடியும்வரை அந்த அம்மா தலைமாட்டை விட்டு நகரவில்லையாம். 1961ல் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பை 14 வயதில் பார்த்தவர் அக்கா. "தோணியில கயிறு பிடிக்கிற ஆள் மாதிரி, கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டே நின்னா லே," என்றார். நடுவில் சுத்தியல் சத்தம் கேட்டு, "யார் வீட்டுல தச்சு வேலை?" என்று கேட்டாராம்.

நேற்று வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடந்தார். முதுகு வலி இல்லை; ஆஸ்பத்திரி இட்லியைப் பற்றித்தான் புகார். மயக்கவியல் படித்த என் மாணவர்கள் இதில் பிழை கண்டால் திருத்துங்கள். சிவப்பு மையை நானும் தாங்குவேன்.