செஞ்சியின் பெயர் தாங்கிய பறவைகள்: ஒரு மூலநூல் ஆராய்ச்சி

முன்னுரை

உலகத்துப் பறவை நூலார் ஆளும் இலத்தீன் பெயர்களுள் தமிழகத்து ஊர்ப்பெயர்கள் சில நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளன. வெண்புருவ வாலாட்டியின் பெயரில் மதராசப்பட்டினமும், தவிட்டுப்புறா ஒன்றின் பெயரில் தரங்கம்பாடியும், கவுதாரியின் பெயரில் புதுச்சேரியும், குள்ளத்தாராவின் பெயரில் சோழமண்டலக் கரையும் இடம்பெற்றிருத்தலைக் காணலாம். இவை யாவும் கடற்கரை சார்ந்தவை. ஐரோப்பியர் கோட்டையும் பண்டகசாலையும் அமைத்து வாழ்ந்த இடங்கள். எனவே இவற்றின் பெயர்கள் பறவை நூலில் ஏறியதில் வியப்பில்லை. ஆனால் திண்டிவனத்திற்கு மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், கடலை விட்டு நீங்கி, மூன்று குன்றுகளுக்கிடையே கிடக்கும் செஞ்சியின் பெயரும் அவ்வாறே பறவைப் பெயர்களில் ஏறியிருப்பது நம் ஆராய்ச்சிக்கு உரியதாகும்.

இப்பெயர்களைப் பற்றி ஆராய்வதால் வரும் பயன் யாது என வினவலாம். ஒரு நாட்டின் பண்டைய காட்டுவளத்தையும் உயிர்வளத்தையும் எழுத முற்படுவோர் இத்தகைய பெயர்களைச் சான்றாகக் கொள்ள விழைவர். செஞ்சியின் பெயரால் ஒரு பறவை வழங்குமாயின், 18-ஆம் நூற்றாண்டில் அது செஞ்சியில் வாழ்ந்தது என்றும், இன்று அங்கு அது காணப்படாமையின் பின்னர் அழிந்துபட்டது என்றும் முடிவு கட்டுதல் எளிது. அம்முடிவு சரியாகவும் இருக்கலாம். முற்றிலும் பிழையாகவும் இருக்கலாம். பெயரை விட்டு, அப்பெயர் பிறந்த நூலை அடைந்தாலன்றி இரண்டனுள் எது எனத் துணிதல் இயலாது. ஆதலின் அந்நூலை முதற்கண் காண்போம்.

மூலநூலும் அதன் ஆசிரியரும்

செஞ்சிப் பறவைகளுக்கெல்லாம் மூலமாகிய நூல், பியேர் சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதிய 'கீழை இந்தியாவுக்கும் சீனத்துக்கும் பயணம்' என்பது. பிரெஞ்சு மன்னரின் ஆணைப்படி 1774 முதல் 1781 வரை மேற்கொண்ட பயணத்தின் விளைவாகிய இந்நூல், 1782-இல் பாரிசு நகரில் இரண்டு பெருந்தொகுதிகளாக, 140 படத்தகடுகளுடன் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சூரிச்சு நகரில் செருமன் மொழிபெயர்ப்பும் அச்சேறியது. நெடுங்காலம் பெருநூலகங்களின் அருநூற் பகுதிகளிலேயே காணக்கிடைத்த இதனை, இந்நாளில் ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்கள் மின்னுருவில் வெளியிட்டுள்ளமையால் நம் மாணவரும் எளிதிற் கற்கலாம்.

சொன்னரா 1748-இல் இலியோன் நகரில் பிறந்தவர். மொரீசியசுத் தீவில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த பியேர் புவாவ்ர் அவரை ஆதரித்தார். பின்னாளில் பல்லாண்டு புதுச்சேரியிலேயே வாழ்ந்த அவர் 1814-இல் மறைந்தார். அவர் நூல் பறவைகளைப் பற்றியது மட்டும் அன்று. தென்னாட்டு மக்களின் சமயம், தொழில், பழக்கவழக்கம் ஆகியவற்றையும் விரித்துரைப்பது. ஐரோப்பிய அறிஞர் பலர் மெய்யான வேதநூல் எனப் போற்றிய 'எசூர் வேதம்' என்பது கிறித்தவப் பாதிரியார் ஒருவரின் படைப்பே எனத் துணிந்து அச்சில் உரைத்தவர் சொன்னரா என்பதும் ஈண்டு நினையத்தக்கது. பிறர் நூலின் பொய்ம்மையைக் கண்டறிந்த அவரே, தம் பறவைகளின் பிறப்பிடத்தைக் குறிப்பதில் எத்துணைக் கருத்துடையவராய் இருந்தார் என்பதே நம் வினா.

சொன்னரா தம் நூலில் பறவைகளுக்கு இலத்தீன் பெயர் இட்டாரல்லர். பிரெஞ்சுப் பெயர்களே தந்தார். அவற்றுள் செஞ்சியைச் சுட்டுவனவாக நாம் ஈண்டு எடுத்துக்கொள்வன ஐந்து: செஞ்சிக் கழுகு, செஞ்சி வானம்பாடி, செஞ்சிச் சிறுகாடை, செஞ்சிச் சிறுமைனா, செஞ்சிக் கவுதாரி என அவற்றைத் தமிழில் வழங்கலாம்.

இலத்தீன் பெயரிட்டோர் மூவர்

விலங்கியற் பெயரீட்டின் தொடக்கம் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட பத்தாம் பதிப்பு ஆகும். அம்முறைப்படி இலத்தீன் இருசொற் பெயர் பெறாத உயிர்க்கு, அதனை முதன்முதல் வருணித்தவர் யாராயினும், பெயரிட்ட பெருமை பின்வந்து இலத்தீனில் பெயரிடுவோர்க்கே சேரும். சொன்னராவின் பறவைகளுக்கு நேர்ந்ததும் இதுவே. பாவியா நகரத்துப் பேராசிரியர் ஸ்கோபொலி 1786-இலும், லின்னேயஸின் நூலை விரித்துப் பதின்மூன்றாம் பதிப்பாக வெளியிட்ட க்மெலின் 1789-இலும், ஆங்கில மருத்துவர் ஜான் லேதம் 1790-இலும் சொன்னராவின் பறவைகளுக்கு இலத்தீன் பெயர் சூட்டினர்.

இம்மூவரும் வேறு வேறு நாட்டினர். ஒருவர் நூலும் மற்றவர் நூலும் வேறாயின. எனவே செஞ்சியைச் சுட்டும் சான்றுகள் பல உள்ளன என்று மேலோட்டமாக நோக்குவார்க்குத் தோன்றும். ஆனால் இம்மூவருள் எவரும் செஞ்சியைக் கண்டாரல்லர். சொன்னராவின் அச்சிட்ட நூலையும் படத்தையும் கொண்டே அவர்கள் எழுதினர். சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், ஒரே மூலப்படியினின்றும் பெயர்த்தெழுதப்பட்ட படிகள் பத்தாயினும் அவற்றை ஒரு சான்றாகவே கொள்வர். அந்நெறி ஈண்டும் பொருந்தும். ஸ்கோபொலி, க்மெலின், லேதம் என்னும் மூவர் நூலும் நமக்கு ஒரே ஒரு சான்றின் மூன்று படிகளே ஆகும், அச்சான்று சொன்னரா.

சொல்வடிவமும் படியெடுத்தோர் கையை நமக்குக் காட்டுகிறது. செஞ்சி என்னும் ஊர்ப்பெயரை க்மெலின் 'ஜின்ஜிகுஸ்' என்றும், லேதம் 'ஜின்ஜினியானுஸ்' என்றும் இலத்தீனாக்கினர். ஊர் ஒன்றே, அடைமொழி ஆக்கிய முறைதான் வேறு. ஏட்டில் எழுத்தின் வடிவு கண்டு எழுதியவரை உணர்தல் போல, இவ்வடிவு கண்டே நம் பெயர்களுள் எது யாருடையது என உணரலாம்.

மண்ணுக்குரிய மூன்று

இனி ஐந்து பறவைகளையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

செஞ்சி வானம்பாடிக்கு ஸ்கோபொலி 'அலௌடா கிரிசியா' எனப் பெயரிட்டார். 'கிரிசியா' என்பது சாம்பல் நிறத்தைக் குறிப்பது. மூன்றாண்டு கழித்து க்மெலின் 'அலௌடா ஜின்ஜிகா' என்றார். முந்தியதே செல்லும் என்னும் பெயரீட்டு விதியால் ஸ்கோபொலியின் பெயர் நிலைத்தது. இன்று அது 'எரிமோப்டெரிக்ஸ் கிரிசியுஸ்' எனப்படும் சாம்பல்தலை வானம்பாடியாகும். திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேட்டுநிலங்கள், தரிசுகள் முதலிய வறண்ட வெளிகளுக்கே உரிய பறவை இது. மேலே எழும்பி, சிறகு மடக்கி அலையலையாக இறங்கிப் பாடும் இயல்புடையது. சொன்னரா சுட்டிய இடம் இதற்கு முற்றும் பொருந்தும். எனினும், இடம் சரியாயிருந்தும், செஞ்சியின் பெயர் இதன்பால் நிலைபெறவில்லை.

செஞ்சிச் சிறுகாடையை க்மெலின் 'டெட்ராவோ கோரமண்டெலிகுஸ்' என்று அழைத்தார்; இக்காலத்தார் 'கோடர்னிக்ஸ் கோரமண்டெலிகா' என்பர். மழைக்காலத்தில் புல்வெளிகளிலும் விளைநிலங்களிலும் கூவுவதால் மழைக்காடை எனப்படும் இதுவும் தமிழகச் சமவெளிக்குரியதே. ஆனால் பெயரிட்டவர் செஞ்சியை நீக்கிச் சோழமண்டலக் கரையை வைத்தார். ஈண்டும் இடம் உண்மை. பெயர் மட்டும் மாறிற்று.

மூன்றாவது செஞ்சிக் கழுகு. லேதம் இதனை 'வல்டுர் ஜின்ஜினியானுஸ்' எனக் குறித்தார். எகிப்து நாட்டுக் கழுகுக்கு லின்னேயஸ் 1758-இலேயே பெயரிட்டிருந்தார். நம் நாட்டுக் கழுகு அவ்வினத்தின் ஒரு பிரிவே எனப் பின்னர்த் தெளியப்பட்டது. ஆதலின் லேதம் இட்ட பெயர் இன்று துணையினப் பெயராக நின்று, 'நியோஃப்ரான் பெர்க்நோப்டெரஸ் ஜின்ஜினியானுஸ்' என வழங்குகிறது. அலகு முற்றும் மஞ்சளாயிருத்தலும் உருவிற் சிறுத்தலும் இத்துணையினத்தின் அடையாளங்கள்.

இக்கழுகு தமிழருக்குப் புதியதன்று. திருக்கழுக்குன்றத்து மலைமீது நாள்தோறும் நண்பகலுக்கு முன் அர்ச்சகர் இட்ட சோற்றை உண்ண வந்த இணைப் பறவைகள் இவையே. 1681-இல் ஆலந்து நாட்டார் அங்குச் சென்று இக்காட்சியைக் கண்டனர். 1998 வரை அப்பறவைகள் வந்தன. எருவை, பாறு, கழுகு எனப் பழந்தமிழர் வகுத்து வழங்கிய சொற்களுள் இதற்குப் பொருந்துவது பாறு என்பதே எனக் கருதி, இக்காலப் பறவை நூலார் 'மஞ்சள்முகப் பாறு' என்பர். செஞ்சிக்கும் திருக்கழுக்குன்றத்திற்கும் இடையே தொலைவு மிகுதியன்று. இரண்டும் பாறைக்குன்று சார்ந்த ஊர்கள். பாறை இடுக்கில் கூடு வைப்பது இப்பறவையின் இயல்பு. ஆகவே சொன்னரா செஞ்சியைச் சுட்டியதை ஐயுறக் காரணம் இல்லை.

மண்ணுக்கு ஒவ்வாத இரண்டு

செஞ்சிச் சிறுமைனாவை லேதம் 'டர்டுஸ் ஜின்ஜினியானுஸ்' என்றார். இன்று அது 'அக்ரிடோதீரஸ் ஜின்ஜினியானுஸ்' எனப்படும் கரைமைனா. ஆற்றங்கரை மண்சுவரிலும் கிணற்றுப் பக்கத்திலும் வளை குடைந்து கூட்டமாகக் குடியிருக்கும் இது, சிந்து வெளி முதல் கங்கைச் சமவெளி, வங்கம் ஈறாக வட நாட்டில் மல்கி வாழ்வது. தென்னாட்டில் அது அருகிக் காணப்பட்ட குறிப்புகள் சில உளவேனும், செஞ்சிக்குரிய பறவை அதுவெனக் கூற இயலாது.

செஞ்சிக் கவுதாரியின் நிலை இதனினும் வியப்புடையது. க்மெலின் 'டெட்ராவோ ஜின்ஜிகுஸ்' என்று பெயரிட்ட இது, இன்று 'ஆர்போரோஃபிலா ஜின்ஜிகா' எனப்படுகிறது. கழுத்தில் வெண்ணிற மாலை போன்ற பட்டையுடைய இக்காட்டுக் கவுதாரி தென்கிழக்குச் சீனத்து மலைக்காடுகளுக்கே உரியது; உலகில் வேறெங்கும் இல்லை. சீனத்துப் பறவை செஞ்சியின் பெயரைச் சுமக்க, செஞ்சிப் புதர்களில் உண்மையாக வாழும் கவுதாரி புதுச்சேரியின் பெயரைத் தாங்குகிறது.

பிழை நேர்ந்த வாயில்

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? நூலின் தலைப்பே விடை கூறுகிறது. சொன்னரா இந்தியாவுக்கு மட்டுமன்றிச் சீனத்துக்கும் சென்றவர். அங்கிருந்து கொணர்ந்த தோல்களும் இந்தியத் தோல்களும் ஒரே தொகுப்பில் சேர்ந்தன. தனித்தனிச் சீட்டெழுதி இடமும் நாளும் குறிக்கும் வழக்கம் அக்காலத்து வேரூன்றவில்லை. சொன்னராவை ஆதரித்த புவாவ்ர் திரட்டிய பறவைகளை ஆராய்ந்து, செருமானிய அறிஞர் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் 1952-இல் எழுதிய கட்டுரை, கான்டன், மணிலா, இந்தியா, மடகாசுகர் என்னும் நால்வேறு இடத்துப் பறவைகளைப் பிரித்தறிய வேண்டியதாயிற்று. சொன்னராவின் தொகுப்பும் அவ்வகையினதே.

சொன்னராவின் முந்திய நூலும் நம் கருத்தை வலியுறுத்தும். 1776-இல் வெளிவந்த 'புதிய கினியாப் பயணம்' என்னும் அந்நூலில், புதிய கினியாவில் இல்லவே இல்லாத பென்குயின் பறவைகளை அவ்விடத்தனவாக அவர் காட்டினார். அவருள் ஒன்று இன்றும் 'பப்புவா' என்னும் அடைமொழியுடன் வழங்குகிறது. ஆத்திரேலியாவுக்குரிய பெரிய மீன்கொத்தியாகிய குக்கபராவும் அவ்வாறே புதிய கினியாவின் பெயரைப் பெற்றது. சொன்னராவோ புதிய கினியாவில் கால் வைத்தவரே அல்லர். எனவே அவர் சுட்டும் இடப்பெயர் ஒவ்வொன்றும் வேறு சான்று கொண்டு தெளியத்தக்கதே ஆம்.

இடந்தெரியாத பறவைக்குச் செஞ்சி என்னும் பெயரைத் தேர்ந்தமைக்கும் ஒரு காரணம் ஊகிக்கலாம். 1750-இல் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது; 1761-இல் ஆங்கிலேயர் அதனைப் பெற்றனர். சொன்னரா பயணம் செய்த காலத்து அது பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை. எனினும் அவ்வெற்றியின் புகழால், புதுச்சேரிக்கு உள்நாட்டில் கிடந்த ஊர்களுள் பாரிசு வாசகர் நன்கறிந்த பெயர் செஞ்சியே. 'செஞ்சி' என்றது கோட்டையை மட்டும் குறியாது, புதுச்சேரிக்கு அப்பாற்பட்ட உள்நாட்டுப் பகுதி முழுமையையும் குறித்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, செஞ்சியைச் சுட்டும் பறவைப் பெயர்கள் பலவாயினும் அவற்றின் சான்று ஒன்றே. இரண்டு, அச்சான்று வானம்பாடி, காடை, கழுகு ஆகியவற்றின்பால் மெய். மைனா, கவுதாரி ஆகியவற்றின்பால் பொய். மூன்று, மெய்யான மூன்றனுள் இரண்டு செஞ்சியின் பெயரை இழந்தன. பொய்யான இரண்டும் அதனைக் காத்து நிற்கின்றன. பொருந்தாப் பெயர் என்பது கொண்டே ஒரு பெயரை விலக்குதல் கூடாது என்பது பெயரீட்டு விதியாதலின், இந்நிலை இனி மாறாது.

ஆகவே கரைமைனாவும் வெண்மாலைக் கவுதாரியும் செஞ்சிக் காட்டில் வாழ்ந்து மறைந்தன என்று எழுதுவது வரலாறு ஆகாது. மாறாக, உண்மையில் மறைந்தது எது என்பதையும் இவ்வாராய்ச்சி தெளிவிக்கிறது. செஞ்சியின் பெயருக்கு உரிமையுடைய கழுகே அது. கால்நடைக்கு இடும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்து இந்தியக் கழுகினங்கள் பலவற்றை அழித்தது. 2006-இல் அம்மருந்து கால்நடைக்கு விலக்கப்பட்டது. 2007-இல் இக்கழுகு அழியும் நிலையிலுள்ள இனமாக உலக அளவில் அறிவிக்கப்பட்டது. இன்று தமிழகத்தில் மோயாறு சார்ந்த காடுகளிலேயே அஃது அருகிக் காணப்படுகிறது. பொய்யிழப்புக்கு இரங்கி மெய்யிழப்பை மறவாதிருக்க மூலநூற் பயிற்சி வேண்டும்.

மதராசப்பட்டினம், தரங்கம்பாடி, புதுச்சேரி, சோழமண்டலம் என்னும் பெயர் தாங்கிய உயிர்களும் இவ்வாறே ஒவ்வொன்றாக மூலநூல் கொண்டு ஆராயத்தக்கன. பிரெஞ்சும் இலத்தீனும் கற்ற தமிழ் மாணவர், பறவை நூலாரோடு கூடி இப்பணியை மேற்கொள்வாராயின், நம் ஊர்ப்பெயர் வரலாற்றுக்கும் இயற்கை வரலாற்றுக்கும் ஒருங்கே பயன் விளையும்.