வளர்சிதை மாற்றம்

உயிரினத்தின் உடலில் இடைவிடாது நடக்கும் வேதிவினைகளின் மொத்தப் பெயர். வளர், சிதை என்ற இரு வினையடிகளே இதன் பொருளைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் மெட்டபாலிசம், 'மாற்றம்' எனப் பொருள்படும் 'மெட்டபொலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் 1839இல் உயிரணுக்களின் வேதிச் செயலைக் குறிக்க இதன் பெயரடை வடிவத்தைக் கையாண்டார். இலங்கைப் பாடநூல்களில் இது 'அனுசேபம்'.

சாப்பிட்டபின் ரத்தத்தில் கூடும் குளுக்கோஸை, இன்சுலின் தூண்ட, கல்லீரல் கிளைக்கோஜனாகக் கோத்துச் சேமிக்கிறது, இது வளர்மாற்றம். இரவுப் பட்டினியில் அந்தக் கிளைக்கோஜனையே உடைத்துக் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது, இது சிதைமாற்றம். இன்சுலின் குறைந்தாலோ, உடல் அதற்குச் சரிவர இணங்காவிட்டாலோ ரத்தத்தில் சர்க்கரை தேங்கும், அதுவே நீரிழிவு. தைராய்டு சுரப்பு மிகுந்தால் மாற்றத்தின் வேகம் கூடி உடல் இளைக்கும். குறைந்தால் சோர்வு வரும், எடை ஏறும்.

இதைச் 'செரிமானம்' என எழுதுவது பிழை. செரிமானம் உணவுப்பாதையோடு முடிந்துவிடும். வளர்சிதை மாற்றம் உயிரணுதோறும் நடப்பது.