நான்கு நானோகிராம் கோடு: பி.எஸ்.ஏ. சோதனையின் துல்லியம் யாரை வைத்துக் கணக்கிடப்பட்டது?

புராஸ்டேட் சுரப்பியின் செல்கள் விந்துவை நீர்க்கச் செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அதில் சிறிதளவு இரத்தத்தில் கசிகிறது, பி.எஸ்.ஏ. சோதனை அளப்பது அதைத்தான். நலமான செல்லும் அதைச் சுரக்கும், புற்றுச் செல்லும் சுரக்கும். வயதில் சுரப்பி பருத்தாலும் தொற்று கண்டாலும் அளவு ஏறும். பருத்த சுரப்பிக்குத் தரப்படும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை அதைப் பாதியாகக் குறைத்துவிடும். ஆகவே, இது அந்த உறுப்பின் குறியீடே தவிர, புற்றுநோயின் குறியீடு அன்று.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1994இல் இதை நோயறியும் துணைச் சோதனையாக ஏற்றது. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது எல்லைக்கோடாக வழங்கிற்று. கோட்டைத் தாண்டியவர்களுக்கே பெரும்பாலும் திசுப் பரிசோதனை நடந்தது. கீழே இருந்தவர்களில் யாருக்கு நோய் இருந்தது என்று யாரும் தேடவில்லை. தேடாததால் சோதனை தவறவிட்டது எதுவும் ஏட்டில் ஏறவில்லை. தன் பிழையைத் தானே மறைத்துக்கொள்ளும் கோடு அது.

இந்த மறைப்பை விலக்கியது வேறொரு கேள்விக்காக நடந்த ஆய்வு. ஃபினாஸ்டெரைடு நோயைத் தடுக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் நடந்த சோதனையில், ஏழாம் ஆண்டு முடிவில் பி.எஸ்.ஏ. அளவு எதுவாயினும் எல்லோருக்கும் திசுப் பரிசோதனை செய்ய முன்வந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற பிரிவில், அளவு ஒருமுறைகூட 4ஐத் தாண்டாத, விரல் பரிசோதனையிலும் குறை தெரியாத 2,950 பேரில் 449 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அவர்களில் 67 பேருக்கு, கட்டியின் முரட்டுத்தன்மையைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 7 அல்லது அதற்கு மேல். ஆய்வை நடத்திய தாம்சன் குழு 2004இல் இதை வெளியிட்டது. மறு ஆண்டு அதே குழு போட்ட கணக்கு இன்னும் கடுமையானது. எல்லையை 4.1 என வைத்தால் நோயுள்ள நூறு பேரில் 20 பேர்தான் பிடிபடுவர். 1.1க்கு இறக்கினால் 83 பேர் பிடிபடுவர். ஆனால் நோயில்லாத நூறு பேரில் 61 பேர் வீணாக அஞ்ச நேரும். இரண்டு பக்கமும் நிறைவு தரும் எல்லை எதுவும் இல்லை.

அப்படியானால் சோதனையையே கைவிடலாமே என்பார்கள். அந்த வாதம் அவசரமானது. நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறியும் திறனை 'வளைவின் கீழ்ப் பரப்பு' என்ற எண்ணால் அளப்பார்கள், 1 என்றால் முழுத் துல்லியம். எந்தப் புற்றுநோயானாலும் சரி என்று கணக்கிட்டால் அது 0.678, கிளீசன் 8 அல்லது அதற்கு மேற்பட்ட முரட்டுக் கட்டிகளை மட்டும் பிரித்தறிவதில் அதே சோதனைக்கு 0.827. உயிரைக் குடிக்கும் நோயைத் தேடும்போது பி.எஸ்.ஏ. அவ்வளவு மோசமில்லை. படுத்துக்கிடக்கும் சிறு கட்டிகளைத் தேடும்போதுதான் தடுமாறுகிறது. அவற்றைக் கண்டுபிடிக்காமலிருப்பதே பலருக்கு நன்மை.

பின்னால் வந்த கட்டற்ற பி.எஸ்.ஏ. விகிதம், புராஸ்டேட் நலக் குறியெண், 4கே மதிப்பெண் ஆகிய புதிய இரத்தக் குறியீடுகள் பெரும்பாலும் ஏற்கெனவே பி.எஸ்.ஏ. உயர்ந்தவர்களிடமே சோதிக்கப்பட்டவை. வேண்டாத திசுப் பரிசோதனையைக் குறைக்க அவை உதவுகின்றன, இதில் ஐயமில்லை. ஆனால் வாயிலுக்குள் வந்தவர்களிடம் பெற்ற எண்ணை வெளியே நிற்பவர்களுக்கும் பொருத்திப் பேசுவது பிழை. சுவீடனின் ஸ்டாக்ஹோம்3 ஆய்வு அந்த வாயிலை 1 நானோகிராம்வரை தாழ்த்தியது. அதற்கும் கீழே இருந்தவர்கள் அங்கும் வெளியேதான்.

பி.எஸ்.ஏ. 3ஐ எட்டியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ஐயமான இடத்தில் மட்டும் ஊசியிட்ட கோத்தன்பர்க் ஆய்வில் தீங்கற்ற சிறு கட்டிகளின் கண்டுபிடிப்பு பாதியாகக் குறைந்தது. ஆகவே, இரத்தச் சோதனைக்கு முதல் படி என்ற இடமே தகும். புதிய குறியீடுகளை அறிவிக்கும் ஆய்வாளர்கள், யாருக்குத் திசுப் பரிசோதனை செய்தோம், யாருக்குச் செய்யவில்லை என்பதை முதல் அட்டவணையிலேயே தர வேண்டும். தராத கட்டுரைகளை இதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.