வேர் போய் நுரை வந்த கதை

அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை ஒட்டி சாமர்வில் என்று ஒரு ஊர். அங்கே யூனியன் சதுக்கத்தில் 2006-லிருந்து செப்டம்பர் மாதம் ஒரு விழா எடுக்கிறார்கள். விழா நாயகர் போர்த் தளபதியோ புனிதரோ இல்லை. ஆர்ச்சிபால்ட் க்வெரி என்ற மிட்டாய்க்காரர். 1917 வாக்கில் தன் வீட்டுச் சமையலறையில் சர்க்கரைப் பாகையும் முட்டை வெள்ளைக்கருவையும் அடித்து ஒரு வெண்மையான பசை செய்து, வீடு வீடாகப் போய் விற்றவர். அதைத்தான் இன்று ‘ஃப்ளஃப்’ என்கிறார்கள். பொதுப்பெயர் மார்ஷ்மெல்லோ க்ரீம், அல்லது ஸ்ப்ரெட். ரொட்டியில் தடவலாம், கேக்கின் நடுவில் வைக்கலாம், யாரும் பார்க்காதபோது கரண்டியால் அள்ளியும் தின்னலாம். மார்ஷ்மெல்லோ மிட்டாயை உருக்கினால் இது வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. இது தனி வம்சம்.

நான் இந்தப் பக்கத்துக்குக் குடிவந்து பல வருஷமாகிறது. இதை வீட்டில் செய்வது எப்படி என்று தேடினால் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ‘கடையில் வாங்குவது போலவே’ என்றுதான் தொடங்குகின்றன. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. கடைதான் வீட்டைப் பார்த்துச் செய்தது. வீட்டுக்காரர்கள் இப்போது கடையைப் பார்த்துச் செய்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்பது நான் நினைத்ததைவிட நீளமான கதையாக இருந்தது.

முதலில் பெயர். மார்ஷ்மெல்லோ என்பது ஒரு செடி. உப்பங்கழி ஓரத்துச் சதுப்பில் வளரும் துத்தி இனம். அல்தேயா அஃபிசினாலிஸ் என்பது தாவரவியல் பெயர்; ‘குணமாக்குதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் பழைய மருந்துப் பட்டியல்களில் இதற்குச் சீமைத்துத்தி என்று பெயர் இருக்கிறது. வெண்டையும் செம்பருத்தியும் இதே குடும்பம்தான். வெண்டைக்காய் நறுக்கிய கையைக் கழுவியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. அந்த வழவழப்புதான் இதன் வேரிலும். தொண்டைப் புண்ணுக்கும் இருமலுக்கும் ஐரோப்பிய வைத்தியர்கள் அதைக் கொடுத்துவந்தார்கள். (எகிப்திய அரசர்கள் இதைத் தேனில் குழைத்துத் தின்றதாக ஒரு கதை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எந்தத் தின்பண்டத்தைத் தோண்டினாலும் கீழே ஒரு அரசர் கிடைப்பார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.)

பிரான்சில் மருந்துக்கடைக்காரர்கள் வேர்ச்சாற்றோடு சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்து அடித்து ‘பாத் த கிமோவ்’ என்ற மெத்தென்ற மாத்திரையைச் செய்தார்கள். கிமோவ் என்றால் அதே செடிதான். 19-ஆம் நூற்றாண்டில் வேர் வேலையை வேலம்பிசின் எடுத்துக்கொண்டது, பிறகு அதன் இடத்துக்கு ஜெலட்டின் வந்தது. வேரை ஊறவைத்து, காய்ச்சி, வடிகட்டி உட்கார யாருக்குப் பொறுமை இருக்கிறது? மருந்து போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று கடையில் விற்கும் மார்ஷ்மெல்லோவில் மார்ஷ்மெல்லோ கிடையாது.

இந்த மிட்டாய் டப்பாக்களில் அடைத்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த காலத்தில்தான் வீட்டுச் சமையல்காரிகள் அதைக் கையில் எடுத்தார்கள். பாஸ்டன் சமையல் பள்ளியின் தலைவி ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூலில் ‘மார்ஷ்மெல்லோ பேஸ்ட்’ இருக்கிறது. சர்க்கரையையும் பாலையும் காய்ச்சி, உருக்கிய மார்ஷ்மெல்லோவில் ஊற்றி, தடவும் பதத்துக்கு ஆறும்வரை அடிப்பது. பதிப்பாளருக்கு அந்தப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. ஃபார்மர் தன் சொந்தச் செலவில் 3,000 பிரதிகள் போடவைத்தார். பிறகு அது எத்தனை பதிப்பு கண்டது என்பது அமெரிக்கச் சமையலின் வரலாறாகவே ஆகிவிட்டது.

இங்கே ஒரு சின்னக் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முட்டை வெள்ளையை நுரைக்க அடிப்பது கைவலிக்கிற வேலை. முள்கரண்டியாலோ குச்சிக் கட்டாலோ அடிக்க வேண்டும், யாரோ ஒரு வேலைக்காரப் பெண்ணின் தோள்பட்டை கழன்றுவிடும். 1870-இல் டர்னர் வில்லியம்ஸ் என்பவர் கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு சக்கரம் எதிரெதிராகச் சுழலும் முட்டை அடிப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். பாஸ்டனின் டோவர் நிறுவனம் அதை விற்றது. ‘டோவரால் அடிக்கவும்’ என்று சமையல் குறிப்புகளே எழுதும் அளவுக்கு அது பரவியது. பஞ்சு போன்ற கேக்குகளும் வெண்ணிறப் பூச்சுகளும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இவ்வளவு பெருகியதற்கு ருசி மாறியது மட்டும் காரணமில்லை, இந்த இரும்புச் சாமானுக்கும் பங்குண்டு. வீட்டுக்கான மின்சார மிக்ஸரை கிச்சன்எய்ட் 1919-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் வீட்டு அடுப்படியில் எழும்பிய நுரைக்கெல்லாம் பின்னால் ஒருவருடைய கை இருந்தது.

சரி, செய்வது எப்படி? மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, முக்கால் கப் கார்ன் சிரப், முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு கப் தண்ணீர், அரை டீஸ்பூன் க்ரீம் ஆஃப் டார்ட்டார், வாசனைக்கு வனிலா. மஞ்சள்கரு ஒரு பொட்டு விழுந்தாலும் வெள்ளை எழும்பாது, பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அப்படித்தான். சர்க்கரை, சிரப், தண்ணீரைச் சேர்த்து 115 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். அதற்குள் வெள்ளைக்கருவை டார்ட்டாரோடு அடித்து, கரண்டியைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மிக்ஸர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பாகை நூல் போல ஊற்ற வேண்டும். சடாரென்று கொட்டினால் முட்டை வெந்து திரிந்துவிடும். ஏழெட்டு நிமிஷம் அடித்தால் நாலைந்து மடங்காகப் பொங்கி, பளபளவென்று இழுபடும் பசையாக வரும்.

இதை நான் முதல்தடவை செய்தபோது அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். நான் பாகுக்குள் வெப்பமானியை விட்டுக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏட்டி, என்னத்துக்கு அந்தக் கம்பிய உள்ள விட்டுட்டு நிக்க? ஒரு சொட்டு தண்ணியில விட்டுப் பாரு. உருட்ட வந்துட்டுன்னா எறக்கிரு.”

“இதுல அளவு சரியா இருக்கணும்லாம்மா.”

“அதிரசத்துக்கு மட்டும் அளவு இல்லையாக்கும்.”

கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அவளே ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினாள். “இன்னும் ரெண்டு கொதி.” இரண்டு கொதிக்குப் பிறகு மறுபடி திரட்டி, “ம், இப்ப எறக்கு” என்றாள். வெப்பமானி 116 காட்டியது. நுரை பொங்கியதும், “உளுந்து மாவு கணக்கா பொங்கிட்டு வருதே” என்று மட்டும் சொன்னாள். தின்னச் சொன்னேன். ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, தூத்துக்குடி மக்ரூன் மாவு இதைவிட எவ்வளவோ தேவலை, அதில் முந்திரியாவது இருக்கிறது என்றாள். அதுவும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தானே, நியாயமான ஒப்பீடுதான்.

அம்மா செய்தது நெல்லைக்கு மட்டும் சொந்தமான வித்தை இல்லை. ஃபார்மர் காலத்து அமெரிக்கச் சமையல் நூல்களும் இதையேதான் சொல்கின்றன. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடு, மெத்தென்ற உருண்டையாகத் திரண்டால் ஒரு பதம், கெட்டி உருண்டையானால் அடுத்தது, முறிந்தால் அதற்கும் அடுத்தது. நாம் கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்கிறோம், அவர்களும் நூல் என்றும் உருண்டை என்றும்தான் சொன்னார்கள். சர்க்கரைப் பாகு எவ்வளவு தண்ணீரை இழந்திருக்கிறது என்பதை வெப்பமானி எண்ணாகச் சொல்கிறது, விரல் உருண்டையாகச் சொல்கிறது. விரலுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு அம்மா வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

கார்ன் சிரப்பின் கதையும் இப்படித்தான். சர்க்கரைப் பாகு ஆறும்போது மறுபடி மணலாக உறையப் பார்க்கும். சோள மாவிலிருந்து எடுத்த சிரப்பில் இருக்கும் குளுக்கோஸும் நீண்ட சங்கிலிகளும் குறுக்கே நின்று அதைத் தடுக்கின்றன. குலாப் ஜாமூன் பாகில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிகிறோமே, அதுவும் இதே வேலைதான். புளிப்பு சர்க்கரையை இரண்டாக உடைத்துவிடுகிறது. திராட்சை மதுப் பீப்பாயின் அடியில் படியும் உப்பான க்ரீம் ஆஃப் டார்ட்டாரும் அப்படியே. கேரோ என்ற பெயரில் 1902-இல் கார்ன் சிரப் டப்பா கடைக்கு வந்த பிறகு அமெரிக்க வீடுகள் பாகு பூத்துப்போகும் பயத்தை விட்டன. ஊரில் இருப்பவர்கள் கேக் சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ் வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது போருக்கு வருவோம். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் உணவு நிர்வாகம் அமைந்தது. ஐரோப்பாவில் சர்க்கரைக் கிழங்கு விளைந்த வயல்கள் போர்க்களமாகிவிட்டதால் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு. இறைச்சி இல்லாத நாள், கோதுமை இல்லாத நாள் என்று வீட்டுப் பெண்களிடம் உறுதிமொழி அட்டையில் கையெழுத்து வாங்கினார்கள். க்வெரியின் வியாபாரம் இந்தச் சர்க்கரைப் பஞ்சத்தில்தான் படுத்தது.

ஆனால் சாமர்விலுக்குப் பக்கத்திலேயே மெல்ரோஸ் ஊரில், க்வெரிக்கும் முன்பாக, எம்மா கர்ட்டிஸும் அவருடைய சகோதரர் ஏமரியும் ‘ஸ்னோஃப்ளேக்’ என்ற பெயரில் மார்ஷ்மெல்லோ க்ரீம் செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் நள்ளிரவுக் குதிரைச் சவாரிக்குப் பேர்போன பால் ரிவியரின் வழிவந்தவர்கள். 1918-இல் எம்மா வெளியிட்ட விளம்பரக் குறுநூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஒரு பக்கம் பீனட் பட்டர், ஒரு பக்கம் மார்ஷ்மெல்லோ க்ரீம், பெயர் ‘லிபர்ட்டி சாண்ட்விச்’. அந்த வருஷத்தில் ஜெர்மன் பெயர் என்பதால் புளித்த முட்டைக்கோஸுக்கே ‘லிபர்ட்டி முட்டைக்கோஸ்’ என்று பெயர் வைத்த நாடு அது. இறைச்சி இல்லாத நாளில் பிள்ளைக்கு என்ன கட்டிக்கொடுப்பது என்று யோசித்த தாய்மாருக்கு எம்மா கொடுத்த பதில் இது. ஒருவரை நிறுத்திய அதே போர் இன்னொருவருக்கு வாசலைத் திறந்தது. அந்தச் சாண்ட்விச் இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆனால் 1960-இல் ஒரு விளம்பர நிறுவனம் சூட்டிய ‘ஃப்ளஃபர்நட்டர்’ என்ற பெயரில். எம்மாவின் பெயர் அதில் இல்லை. சாமர்வில் விழா க்வெரிக்கு. அவர் தகுதியற்றவர் என்று சொல்லவில்லை. ஆனால் ‘கண்டுபிடித்தவர்’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு 1896-இன் அந்தப் புத்தகமும், மெல்ரோஸின் அந்தப் பெண்மணியும், பெயர் தெரியாத எத்தனையோ கைகளும் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

மிச்சக் கதை வேகமானது. போரிலிருந்து திரும்பிய ஆலன் டர்க்கி, ஃப்ரெட் மோவர் என்ற இரண்டு நண்பர்கள் 1920-இல் க்வெரியிடமிருந்து 500 டாலருக்குச் செய்முறையை வாங்கினார்கள். ஒரு பீப்பாய் சர்க்கரை, சில தகர டப்பா, இரண்டு கரண்டி, ஒரு பழைய ஃபோர்டு கார் என்பதே தங்கள் மூலதனம் என்று நிறுவனமே சொல்லிக்கொள்ளும். இரவில் சமையலறையில் கிண்டி, பகலில் வீடு வீடாக விற்றார்கள். அவர்களுடைய ஆரம்ப விற்பனைகளில் ஒன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விடுதிக்கு மூன்று காலன், காலன் ஒரு டாலர். 1929-இல் லின் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள். இன்றைய டப்பாவில் கார்ன் சிரப், சர்க்கரைப் பாகு, உலர்த்திய முட்டை வெள்ளை, வனிலின், அவ்வளவுதான். நம் அடுப்படிப் பட்டியலுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. டப்பாவுக்குள் இருப்பது மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும், நாம் செய்வதை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தீர்த்துவிட வேண்டும்.

2006-இல் மாநில செனட்டர் ஒருவர் பள்ளி மதிய உணவில் ஃப்ளஃபை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைக்கச் சட்டம் வேண்டும் என்றார். பதிலடியாக ரிவியர் ஊரின் சட்டமன்ற உறுப்பினர், ஃப்ளஃபர்நட்டரை மாநிலத்தின் அதிகாரபூர்வச் சாண்ட்விச்சாக அறிவிக்க வேண்டும் என்றார். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவரும் அதே பால் ரிவியர்தான், எம்மாவின் முன்னோர். இதை அன்று யாராவது சபையில் சொன்னார்களா தெரியாது, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு யோசனையும் சட்டமாகவில்லை.

மாற்றுப்பொருள்களின் வரிசை இன்னும் முடியவில்லை. 2014-இல் ஷோயெல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் பருப்பு வகைகளை வேகவைத்த தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளை போல நுரைக்கிறது என்று கண்டு எழுதினார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் கூஸ் வோல்ட் என்பவர் கொண்டைக்கடலைத் தண்ணீரால் மெரிங் செய்துகாட்டி, அக்வாஃபாபா என்று பெயரும் வைத்தார். சுண்டலுக்கு வேகவைத்துவிட்டு நாம் சாக்கடையில் ஊற்றும் அதே தண்ணீர். முட்டை தொடாத எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்காக அதில் செய்துபார்த்தேன். உப்புப் போடாமல் வேகவைக்க வேண்டும், தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்து நன்றாக ஆறவைக்க வேண்டும், அடிக்கும் நேரம் இரண்டு மடங்காகும். மறுநாள் கொஞ்சம் இறங்கி அடியில் தண்ணீர் கட்டியது, திரும்ப அடித்தால் எழும்பிவிடுகிறது. கடலை வாசம் முதல் வாயில் லேசாகத் தெரிந்தது. மாமி அதை ஏலக்காய் போட்டு மறைத்துவிட்டார்.