தரசேனர்: மாணாக்கரால் வாழ்ந்த ஆசான்

நல்லாசிரியர்க்கும் நன்மாணாக்கர்க்கும் உரிய இலக்கணத்தை நன்னூலின் பொதுப்பாயிரம் வகுத்துரைப்பதைத் தமிழ் கற்பிப்போர் யாவரும் அறிவர். அந்நூலை இயற்றிய பவணந்தியார் ஒரு சமண முனிவர். கற்றலையும் கற்பித்தலையும் துறவு வாழ்க்கையின் தலையாய கடமைகளாகக் கொண்டது சமணம். அம்மரபிலே, பவணந்தியார்க்குப் பல நூற்றாண்டுகள் முன்னர் வாழ்ந்த ஓர் ஆசான் தரசேனர். இவர் பெயரை நிலைநிறுத்தியது இவர் எழுதிய நூலன்று. இவரிடம் பாடங்கேட்ட மாணாக்கர் இருவர் எழுதிய நூலாகும்.

சமணரின் பழைய மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பெறவில்லை. ஆசான் ஓத, மாணாக்கன் கேட்டு மனத்தில் இருத்தினான். துறவிக்கு உடைமை ஆகாது. சுவடியும் ஓர் உடைமையே என்று அக்காலத் துறவியர் கருதினர். மகாவீரர் அருளியவை பன்னிரண்டு அங்கங்களாகத் தொகுக்கப்பெற்றன. பன்னிரண்டாம் அங்கத்துள் பதினான்கு பூர்வங்கள் அடங்கியிருந்தன. அவை முழுவதையும் அறிந்த கடைசி ஆசான் பத்திரபாகு என்பர். அவருக்குப்பின் தலைமுறை தோறும் அறிவு குறைந்துகொண்டே வந்தது. பஞ்சமும் முதுமையும் சாவும் ஓர் ஆசானைக் கொண்டுபோகும்போது, அவர் நெஞ்சில் இருந்த நூலும் உடன் போயிற்று. மகாவீரர் வீடுபேறடைந்து 683 ஆண்டுகள் சென்றபின், ஓர் அங்கத்தையேனும் முழுமையாக அறிந்தவர் எவரும் இலர் என்பது திகம்பர சமணரின் மரபுக் கணக்கு.

அந்நிலையிலே வாழ்ந்தவர் தரசேனர். அவர் காலம் கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளை ஒட்டியதாகக் கொள்ளப்படுகிறது. சௌராட்டிர நாட்டில் கிர்நார் மலையை அடுத்த கிரிநகரத்தில், சந்திரகுகை என்னும் குகையிலே அவர் தங்கியிருந்தார். இரண்டாம் பூர்வத்தின் ஒரு பகுதியாகிய வினைக் கோட்பாட்டை அவர் கற்றிருந்தார். உயிர் வினையால் எவ்வாறு கட்டுண்கிறது, எவ்வாறு விடுபடுகிறது என்பதை நுணுகி ஆராயும் பகுதி அது. வயது முதிர்ந்தது. தம்மோடு இவ்வறிவு அழிந்துவிடுமோ என்னும் கவலை அவரை வாட்டியது.

இனி நடந்தவற்றை வீரசேனரின் தவளா உரையும் இந்திரநந்தியின் சுருதாவதாரமும் கூறுகின்றன. இவை பிற்காலத்து நூல்கள். தெய்வச் செயல்களும் இவற்றில் விரவி வருகின்றன. ஆயினும் ஓர் ஆசானின் உள்ளத்தை இவை தெளிவாகக் காட்டுகின்றன.

மகிமை என்னும் ஊரிலே கூடியிருந்த தென்னாட்டு முனிவர்களுக்குத் தரசேனர் ஓலை விடுத்தார். கற்பதைப் பற்றிக்கொள்ளவும் நினைவில் நிறுத்தவும் வல்ல இருவரை அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பினர். இருவரும் ஆந்திர நாட்டிலிருந்து நெடுவழி நடந்து கிரிநகரம் சேர்ந்தனர்.

தரசேனர் உடனே பாடம் தொடங்கினாரல்லர். இருவர்க்கும் ஆளுக்கொரு மந்திரம் கொடுத்து, இரண்டு நாள் நோன்பிருந்து ஓதுமாறு பணித்தார். ஒரு மந்திரத்தில் ஓரெழுத்து மிகுதி. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறைவு. இதனை அவர் சொல்லவில்லை. ஓதி முடித்தபோது, ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும் மற்றவர்முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றினவாம். தேவதைகளின் இயல்பான வடிவம் இதுவன்றே என்று இருவரும் எண்ணினர். மந்திர இலக்கணத்தைக் கொண்டு மிகுந்த எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தேவதைகள் தத்தம் இயல்பான வடிவில் காட்சியளித்தன. நிகழ்ந்ததை ஆசானிடம் பணிவுடன் கூறினர். அவர் மகிழ்ந்து, நன்னாளில் பாடம் தொடங்கினார்.

ஆசிரியப் பெருமக்கள் இச்சோதனையின் பொருளை ஊன்றிக் கருதுதல் வேண்டும். நினைவாற்றல் ஒன்றையே தேடியிருந்தால், பிழையற்ற மந்திரத்தைக் கொடுத்து ஒப்புவிக்கச் சொல்லியிருக்கலாம். அவர் தேடியது வேறு. செவிவழி மரபில் ஒரு தலைமுறையில் புகுந்த ஓரெழுத்துப் பிழை அடுத்த தலைமுறைக்கு மறையாகவே போய்ச் சேரும். ஆசானே சொன்னாலும் பிழை பிழையே என்று அறியும் கூர்மை மாணாக்கனுக்கு வேண்டும். அதனை மனம்போன போக்கில் மாற்றாது, இலக்கணத்தின் வழிநின்று திருத்தும் ஒழுங்கும் வேண்டும். திருத்திய பின்னும் ஆசானிடம் பணிவு குன்றாதிருத்தல் வேண்டும். இம்மூன்றும் உடையவரிடமே அறிவை நம்பி ஒப்படைக்கலாம் என்பது தரசேனரின் முடிபு. ஒப்புவித்தலையே கல்வியென மயங்கும் வகுப்பறைகளுக்கு இதில் பாடம் உண்டு.

ஆஷாட மாதத்து வளர்பிறைப் பதினோராம் நாள் முற்பகலில் பாடம் நிறைவெய்தியது. அந்நாளில் தேவர்கள் இருவரையும் சிறப்பித்தனர் என்றும், அதனால் ஒருவர் பூதபலி என்றும் மற்றவர் புட்பதந்தர் என்றும் பெயர் பெற்றனர் என்றும் கூறுவர். அன்றே தரசேனர் அவர்களை விடைகொடுத்து அனுப்பினார். மழைக்காலத்தில் சமணத் துறவியர் ஓரிடத்தில் தங்குதல் வேண்டும்; அக்காலமோ நெருங்கிவிட்டது. ஆயினும் இருக்கச் சொல்லவில்லை. தம் முடிவு அணுகியதை அவர் உணர்ந்திருந்தார். அதனைக் கண்டு மாணாக்கர் துயருறலாகாது என்று கருதினார் என்பது இந்திரநந்தி தரும் விளக்கம்.

இருவரும் அங்குலேசுவரத்தில் மழைக்காலத்தைக் கழித்தனர். அது இன்று குசராத்து மாநிலத்தில் அங்கலேசுவர் என வழங்கும் ஊர். பின்னர்ப் புட்பதந்தர் கன்னட நாட்டு வனவாசிக்கும், பூதபலி திரமிள நாட்டுக்கும் சென்றனர். திரமிளம் என்பது தமிழகமே. பூதபலி வருவதற்கு முன்னரே மதுரையை அடுத்த மாங்குளம் முதலிய குன்றுகளில் சமணத் துறவியர்க்குக் கற்படுக்கைகள் அமைந்திருந்தன என்பதற்குத் தமிழிக் கல்வெட்டுகள் சான்று.

புட்பதந்தர் முதற்பகுதியின் 177 சூத்திரங்களை இயற்றி, அவற்றைச் சினபாலிதர் என்னும் மாணாக்கர்க்குக் கற்பித்து, அவர் வாயிலாகப் பூதபலியிடம் அனுப்பினார். புட்பதந்தரின் வாழ்நாள் குறுகியதை உணர்ந்த பூதபலி எஞ்சியதைத் தாமே இயற்றி முடித்தார். இவ்வாறு சௌரசேனிப் பிராகிருத மொழியில் ஆறு கண்டங்களாக உருவான நூலே சட்கண்டாகமம். அது ஏட்டில் எழுதப்பெற்று வழிபடப்பெற்ற நாளாகக் கருதப்படும் சியேட்ட மாத வளர்பிறை ஐந்தாம் நாளைத் திகம்பர சமணர் இன்றும் சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகின்றனர். சுவடிகளைத் துடைத்து, வெயிலில் உலர்த்தி, புதிய துணியிற் பொதிந்து வைப்பது அந்நாளின் வழக்கம்.

ஆசானுக்குப்பின் மாணாக்கன் தொடர்வது இம்மரபில் மீண்டும் நிகழ்ந்தது. இராட்டிரகூடர் காலத்தில் வீரசேனர் சட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் பேருரையை கி.பி. 816இல் நிறைவு செய்தார். பழைய இந்தியக் கணிதத்தை ஆராய்வோர்க்கும் அவ்வுரை கருவூலமாகும். அடுத்துச் சயதவளா என்னும் உரையைத் தொடங்கி, முடிப்பதற்குள் அவர் மறைந்தார். மாணாக்கர் சினசேனர் அதனை கி.பி. 837இல் முடித்தார்.

இந்நூல்களின் ஓலைச்சுவடிகள் கன்னட நாட்டு மூடபித்ரியில் காக்கப்பெற்றன. ஆயினும் காலப்போக்கில் அவை வழிபடுபொருளாயின, படிப்போர் அருகினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கி, இருபதாம் நூற்றாண்டிலும் நீண்டது. இரலால் சைனர் பதிப்பித்த தவளாவின் முதல் தொகுதி 1939இல் வெளிவந்தது. 16 தொகுதிகளும் 1958இல் நிறைவெய்தின. தமிழ்ச் சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் சமண அன்பர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்து 1887இல் அச்சேற்றிய வரலாற்றை இதனோடு ஒப்புநோக்கலாம். சுவடி இருந்தால் மட்டும் போதாது. அதனைப் படிக்கத் தெரிந்தவரும் இருத்தல் வேண்டும்.

அச்சும் கணிப்பொறியும் வந்துவிட்ட இக்காலத்தில் அறிவு அழியாது என்று நாம் எண்ணிவிடலாகாது. யாப்பை வாய்விட்டுப் பாடிக் கற்பித்த ஆசிரியர் பணி ஓய்வு பெறும்போது, அவருடைய முறையும் அவரோடு போய்விடுவதை நாம் காண்கிறோம். நூலகத்தில் நூல் இருக்கிறது. அதனை ஓதும் முறையைச் சொல்வார் இல்லை. தரசேனர் செய்ததை ஒவ்வோர் ஆசிரியரும் தம் அளவிலே செய்யலாம். உடலில் வலிமையுள்ளபோதே தக்கார் இருவரைத் தேடுக; தம்மையும் திருத்தவல்லவரா எனச் சோதிக்க; கற்றதை ஒளியாது கொடுக்க; கொடுத்தபின் அவர்தம் வழியில் செல்ல விடுக. மாணவர்களும் தமக்கு முன்னுள்ள ஆசிரியரிடம் இன்றே கேட்டுப் பெறுக. கிர்நார் மலைக் குகையில் அம்முதியவர் காலந்தாழ்த்தியிருந்தால், பூதபலியும் புட்பதந்தரும் நாம் அறியாத பெயர்களாகவே போயிருப்பர்.