பழவேற்காட்டுப் பாடு

கடலோரக் குப்பங்களில் விளையாட்டுக் குழு பிறப்பது அரிய காரியமன்று. பொங்கல் நெருங்கும்போது ஒரே நிறத்தில் பன்னிரண்டு சட்டைகள் கிடைத்தால் போதும். அது மறு பொங்கலைக் காண்பதுதான் அரிது. சட்டை வாங்கித் தந்த தனவந்தர் மனம் மாறினாலோ, ஆட்டத்தில் கெட்டிக்காரன் கல்யாணமாகித் தொழிலுக்குப் போனாலோ, குழுவின் பெயர் சுவரில் மட்டும் மிஞ்சும். எது நிலைக்கிறது, எதனால் நிலைக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் பழவேற்காட்டு ஏரியின் ‘பாடு’ என்னும் சம்பிரதாயத்தின் பக்கமே திரும்புகிறது.

ஒல்லாந்தர் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் வாணிபத்தை அங்கிருந்தே நிர்வகித்து, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டனர். கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடாயிற்று. எழுத்திலே பிறவாத பாடு முறையோ நெடுங்காலம் நின்றது.

பாடு என்றால் ஊரார்க்குத் துன்பம். ஏரிக்காரர்க்கு அது வலை கட்டும் இடம், அந்த இடத்தில் கட்டும் முறை. முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டத்தில் இறால் நன்றாகச் சிக்கும் இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் சுத்து வலையோடு அங்கே இறங்கினால் ஒருவருக்கும் கூலி தேறாது. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்னும் மூன்று ஊர்களின் பட்டினவ மீனவரும், அம்மனைக் கும்பிடுவோர் மாதாவைக் கும்பிடுவோர் என்ற பேதமின்றி, தலைக்கட்டுக் கணக்கில் பெயரெழுதிச் சீட்டுப் போட்டு, இன்று உனக்கு, அடுத்தது எனக்கு என்று சுற்றி வந்தனர். நல்ல பாடு ஒருவருக்கே வாய்த்ததில்லை. கெட்ட பாடும் அப்படியே. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கத்தோலிக்க மீனவரின் நான்கு சங்கங்கள் கட்டு வலைக்கு இவ்விதமே சீட்டுக் குலுக்க, 1958இல் அரசாங்கம் அவ்வழக்கத்தைச் சட்டமாகவே ஏற்றது.

பழவேற்காட்டுப் பாடு முறையில் குறையில்லை என்று நான் சொல்லமாட்டேன். பட்டியலில் பெயரில்லாத ஊர்களும் சாதிகளும் அந்த இடங்களுக்கு வெளியே நின்றன. அதனால் சச்சரவும் வந்தது. பெண்களுக்குப் பாடே இல்லை.

ஆனாலும் பாடு ஒருவர் தயவில் நில்லாமல் ஊர்க் கணக்கில் நின்றது; விளையாட்டுக் குழுவும் அப்படித்தான். என் அபிப்பிராயத்தில், திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கும் ஊர்க் கணக்கிலேயே தன் செலவையும் சேர்த்துக்கொண்ட குழுவுக்கு ஆயுசு அதிகம். பெரிய மனிதரின் கொடையில் பிறந்தது அவரோடு முடிகிறது. ஆடுபவன் வலைக்குப் போய்விட்டால் அவன் இடத்துக்கு இன்னொருவனை ஊரே அனுப்புமல்லவா?

அவர்கள் ஆடும் சடுகுடுவிலேயே, பாட்டைப் போல, முறை வைத்து வரும் நியாயம் இருக்கிறது. பிடிபட்டவன் ஆட்டத்தை விட்டே போய்விடுவதில்லை. எதிரணியில் ஒருவன் விழுந்தால் இவன் திரும்பலாம், ஆனால் முதலில் போனவனே முதலில் வரவேண்டும். அந்திவேளையில், குதிகாலால் கீறிய கோட்டுக்கு வெளியே, முதுகில் ஒட்டிய மணலைத் தட்டவும் மறந்து, போன வரிசையிலேயே பையன்கள் குந்தியிருப்பார்கள். நடுவில் இருப்பவன் முந்தி எழுந்தால், பக்கத்திலிருப்பவன் அவன் அரைஞாணைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவான்.