செவ்ரோலெட் கோர்வேர்

செவ்ரோலெட் கோர்வேர் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960 முதல் 1969 வரையிலான மாதிரிகளாக விற்ற சிறிய மகிழுந்து ஆகும். காற்றால் குளிர்விக்கப்படும் இதன் ஆறு உருளை எஞ்சின் பின்புறம் அமைந்திருந்ததால், எடையின் பெரும்பகுதி பின் சக்கரங்களின் மீது விழுந்தது. தொடக்க மாதிரிகளில் பின் சக்கரங்கள் ஊசல் அச்சுகளில் பொருத்தப்பட்டிருந்தன. வளைவில் விரைந்து திரும்பும்போது வண்டியின் பின்பகுதி மேலெழும்பினால், வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடங்கிச் சாலைப் பிடிப்பை இழக்கக்கூடும். அப்போது பின்பகுதி வெளியே வீசப்படும்.

முன்புறத்தில் சாய்வுத் தடுப்புத் தண்டு பொருத்தினால் இது குறையும். செலவு கருதி அது தவிர்க்கப்பட்டு, டயரின் காற்றழுத்தமே நம்பப்பட்டது: முன் டயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின் டயர்களுக்கு 26 பவுண்டு. காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் கூடுதலாக நெகிழும் என்பதால் முன்பகுதியே முதலில் வழுக்கும். ஓட்டுநருக்கு அதைச் சமாளிப்பது எளிது. பிற மகிழுந்துகளுக்குப் போல நான்கிலும் ஒரே அளவு காற்று நிரப்பினால் இச்சமநிலை கெட்டுவிடும். பெட்ரோல் நிலையத்தில் எவரும் அறியாமல் செய்யக்கூடிய செயல் இது.

1964 மாதிரியில் முன்புறத் தண்டும் பின்புறக் குறுக்குப் பட்டைவில்லும் சேர்க்கப்பட்டன. 1965 மாதிரியில் ஊசல் அச்சு கைவிடப்பட்டது. 1965 இல் வெளியான ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலின் முதல் இயல் பழைய மாதிரிகளைப் பற்றியதே. எனினும் 1972 இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வு, 1960-63 மாதிரிகள் அக்காலத்தின் ஒத்த வண்டிகளைவிட மோசமானவை அல்ல என்றது.